கல்லூரி ஆலோசகரின் பேச்சும் செவியும்: முதல் சந்திப்புக்கான முழுமையான வழிகாட்டி

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்துப் பிறப்பித்த வழிகாட்டுதல்களில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பதும் ஒன்று. அறை ஒதுக்குவதும் பெயர்ப்பலகை மாட்டுவதும் சில நாட்களில் முடிந்துவிடும். அந்த அறைக்குள் வந்து உட்காரும் மாணவரிடம் என்ன பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது என்பதைப் பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும். உளவியலிலோ சமூகப் பணியிலோ பட்டம் பெற்றுப் புதிதாக இப்பணிக்கு வந்திருப்பவர்களையும், மென்டார் என்ற பொறுப்பில் ஒரு குழு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மூத்தவர் ஒருவர் இளையவரை உட்காரவைத்துப் பேசினால் அது புத்திமதியில் போய் முடிவதே நம் ஊர் வழக்கம். வீட்டிலும் வகுப்பிலும் விடுதியிலும் அந்தப் புத்திமதியைப் போதுமான அளவுக்குக் கேட்டுவிட்டுத்தான் மாணவர் உங்கள் அறைக்கு வருகிறார். அந்தப் புத்திமதியைத் தள்ளிவைத்து, மாணவர் தம் நிலையைத் தம் வாயாலேயே முழுதாகச் சொல்லி முடிக்க இடம் கொடுப்பதற்காகத்தான் ஆலோசகர் பழக வேண்டிய தொடர்புத் திறன்கள் எல்லாம் இருக்கின்றன என்று நான் கருதுகிறேன். கீழே வரும் படிகள் ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோட்டத்தோடு படிக்க வேண்டுகிறேன்.

விளக்கத்திற்காக ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படிக்கிறார். முதல் பருவத் தேர்வில் மூன்று அரியர் விழுந்திருக்கிறது. இரண்டாம் பருவத்தில் வகுப்புக்கு வருவது குறைந்து, வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. துறைத் தலைவர் அவரை உங்களிடம் அனுப்பிவைக்கிறார். கல்லூரியில் பணியாற்றும் எவருக்கும் இவர் புதியவர் அல்லர்.

படி 1: சந்திப்புக்கு முன்பே தொடங்கும் பேச்சு

மாணவரை அழைக்கும் விதத்திலேயே உங்கள் முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, பெயரைச் சொல்லி, "கவுன்சலிங் ரூமுக்கு வரச் சொன்னாங்க" என்று அறிவித்தால், அறுபது பேர் திரும்பிப் பார்க்க அவர் எழுந்து வர வேண்டியிருக்கும். அப்படி வருபவர் வாய் திறப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கைப்பேசியில் தனியாக ஒரு செய்தி அனுப்பி, அவருக்குத் தோதான இரண்டு நேரங்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது, துறைத் தலைவரின் அறையை ஒட்டி இருக்கக் கூடாது, இடையில் மேசை இல்லாமல் இரண்டு நாற்காலிகள் சற்றுச் சாய்கோணத்தில் இருந்தால் நல்லது. ஆலோசகரின் உடல்மொழிக்கு அமெரிக்க உளவியலாளர் ஜெரார்ட் ஈகன் வகுத்துத் தந்த ஐந்து குறிப்புகளைப் பயிற்சி வகுப்புகளில் பலரும் படித்திருப்பீர்கள். நேராக முகம் பார்த்து அமர்தல், கைகால்களைக் கட்டிக்கொள்ளாத திறந்த நிலை, சற்று முன்சாய்தல், கண்ணோடு கண் பார்த்தல், இறுக்கமின்மை ஆகியவையே அவை. இவற்றில் நேராக அமர்வதையும் கண்ணோடு கண் பார்ப்பதையும் நம் சூழலில் நிதானித்தே கடைப்பிடிக்க வேண்டும். ஆசிரியர் முன் தலை தாழ்த்திப் பேசுவதை மரியாதையாகக் கற்றுக்கொண்டு வளர்ந்த பிள்ளை தரையைப் பார்த்துப் பேசினால், அவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆண் ஆலோசகரிடம் பேசும் மாணவிக்கும் இது பொருந்தும். அவர் நிமிரும் வேளையில் உங்கள் பார்வை அங்கே இருந்தால் போதும். அவரையே உற்று நோக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

படி 2: முதல் ஐந்து நிமிடம்

கல்லூரியில் பெரும்பாலோர் அவரை "வா, போ" என்றுதான் அழைத்திருப்பார்கள். சிலர் "டா" போட்டும் அழைத்திருப்பார்கள். நீங்கள் "நீங்க" என்றே தொடங்குங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது முதலில் கூச்சமாக இருக்கலாம். "நீன்னே கூப்பிடுங்க சார்" என்று அவரே கேட்டால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் உரிமை அவரிடம் இருப்பதே முக்கியம். அவர் உங்களை சார் என்றோ மேடம் என்றோ அக்கா என்றோ அழைப்பதைத் திருத்த வேண்டாம்.

அடுத்ததாக, அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "உங்க அட்டெண்டன்ஸ் குறைஞ்சிருக்குன்னு ஹெச்.ஓ.டி. சொன்னாங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. நான் விசாரணைக்கு உங்களைக் கூப்பிடல. உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்." இப்படிச் சொல்லாமல், ஒன்றுமே தெரியாதவர் போல் "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று தொடங்கினால், தன்னைச் சோதிக்கிறார்கள் என்ற எண்ணமே அவருக்கு வரும்.

அவருடைய தமிழிலேயே பேசுங்கள். ஆங்கில வழி வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருப்பதே அவருடைய துன்பத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். அங்கேயும் டிப்ரஷன், ஆங்சைட்டி, கோப்பிங் என்று நீங்கள் அடுக்கினால், இன்னொரு வகுப்பறையில் அமர்ந்திருப்பது போலவே அவருக்குத் தோன்றும்.

படி 3: ரகசியத்தின் எல்லையை முன்கூட்டியே சொல்வது

இந்தப் படியை ஒரு சடங்கு போலச் செய்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாணவர் எதைச் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை குறித்த தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது; உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற நிலைகளில் விதிவிலக்கும் தருகிறது. கல்லூரி ஆலோசகர்கள் பலரும் மறந்துவிடும் இன்னொரு சட்டமும் உண்டு. முதலாமாண்டு மாணவர்களில் கணிசமானவர்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காது. அப்படிப்பட்ட ஒருவர் தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி குற்றம். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு "இதை நான் வெளியே சொல்லியே ஆகணும்" என்று நீங்கள் சொன்னால், அவர் இனி எவரையும் நம்ப மாட்டார். ஆகவே தொடக்கத்திலேயே, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் இல்லாமல், இப்படிச் சொல்லலாம்:

"நீங்க இங்க பேசுறது உங்க ஹெச்.ஓ.டி.க்கோ வார்டனுக்கோ வீட்டுக்கோ போகாது. வந்தீங்க, பேசினீங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன். ரெண்டு விஷயத்துல மட்டும் நான் வேற ஆளுங்க உதவியைக் கேட்கணும். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணினா. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குப் பாலியல் தொந்தரவு நடந்திருக்குன்னு தெரிஞ்சா. அப்பவும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்."

இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டுமானால், துறைத் தலைவர்களுக்கு எந்த அளவு தகவல் போகும் என்பதைக் கல்லூரி நிர்வாகத்தோடு முன்பே பேசி எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். "என்னதான் சொன்னான்?" என்று மதிய உணவு மேசையில் ஒருவர் கேட்கும்போது, "வந்திருந்தார், தொடர்ந்து வருவார்" என்று மட்டும் சொல்லும் உறுதி ஆலோசகருக்கு வேண்டும்.

படி 4: கேட்டல்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒருவரிடம் மாற்றம் நிகழ உதவும் நிலைமைகளை வரிசைப்படுத்தினார். உதவுபவர் தம்மிடம் உண்மையாக இருத்தல், எதிரில் இருப்பவரை நிபந்தனையின்றி மதித்தல், அவருடைய உலகத்தை அவருடைய இடத்திலிருந்து உணர்ந்து, அந்த உணர்தலை அவருக்குத் தெரியப்படுத்துதல் ஆகிய மூன்றும் அவற்றுள் பின்னாளில் பெரிதும் பேசப்பட்டவை. மூன்றாவதின் கடைசிப் பகுதியைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆலோசகர் உள்ளூரப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது. புரிந்துகொண்டிருக்கிறார் என்பது மாணவருக்கும் எட்ட வேண்டும்.

நம் மாணவர் முதலில் சொல்வது பெரும்பாலும் "ஒண்ணும் இல்ல சார்" என்பதாகவோ "தெரியல" என்பதாகவோ இருக்கும். அதற்கு உடனே இன்னொரு கேள்வியைப் போடாமல் சற்றுப் பொறுங்கள். பத்து நொடி அமைதி என்பது பேசிப் பழகிய ஆசிரியருக்கு மிக நீண்டதாகத் தோன்றும். சொல் தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு அது போதாமலும் இருக்கலாம். அந்த நேரத்தில் கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்க்காமல், "மெதுவாச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். எல்லா அமைதியும் ஒன்றல்ல என்பதும் உண்மைதான். சொல் தேடும் அமைதியில் முகம் அசைந்துகொண்டிருக்கும், விரல் எதையாவது பிடித்துத் திருகும். பயத்தில் உறைந்த அமைதியில் உடல் முழுவதும் இறுகிப்போயிருக்கும். அங்கே காத்திருப்பது அவரை மேலும் வதைக்கும். அப்போது ஊரைப் பற்றியோ விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ எளிதான ஒன்றைக் கேட்டு அவரை மீட்டுக்கொண்டு வர வேண்டும்.

தமிழில் மனத்துன்பம் பெரும்பாலும் உடலின் வழியாகவே பேசப்படுகிறது. "நெஞ்சு படபடன்னு இருக்கு", "தலை பாரமா இருக்கு", "சாப்பாடு இறங்கல", "ஒரு மாதிரி இருக்கு" என்பவை அதன் வடிவங்கள். இவற்றைக் கேட்டதும் "அது ஸ்ட்ரெஸ்தான்" என்று பெயர் சூட்டி முடித்துவிடாதீர்கள். "ஒரு மாதிரின்னா எப்படி இருக்கும்? எந்த நேரத்துல அதிகமா இருக்கும்?" என்று அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அறை நண்பர்கள் கூடிச் சிரித்துப் பேசும்போது அது அதிகமாகிறது என்று அவர் சொன்னால், அரியருக்கு அடியில் தனிமையும் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

கேட்டலைக் கெடுக்கும் சொற்கள் சில உண்டு. "இதுக்குப் போயா?" என்பது அவருடைய துன்பத்தைச் சிறிதாக்குகிறது. "நானும் உங்க வயசுல இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு உங்கள் கதையாக மாறிவிடுகிறது. "உன் கூடப் படிக்கிறவன் எல்லாம் எப்படி இருக்கான் பாரு" என்பதை விளக்கவே தேவையில்லை. இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது என்று நான் நினைப்பது, நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் "அப்பா அம்மாவைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு" என்ற வாக்கியம். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டின் பிள்ளை இரவும் பகலும் அப்பா அம்மாவைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற அச்சமே அவரை வகுப்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறது. அந்தச் சுமையின் மேலேயே இன்னொரு கல்லை ஆலோசகர் ஏற்றிவைக்கலாகாது.

படி 5: கேள்வி கேட்கும் முறை

"ஏன்" என்ற சொல்லோடு தொடங்கும் கேள்வி, ஆசிரியர் வாயிலிருந்து வரும்போது குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. "ஏன் கிளாஸுக்கு வரல?" என்று கேட்டால் மன்னிப்போ சாக்கோதான் பதிலாக வரும். "காலைல கண் முழிச்சதுலேர்ந்து முதல் ஹவர் தொடங்குற வரைக்கும் என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேட்டுப்பாருங்கள். எழுந்திருக்கவே முடியவில்லை, குளியலறை வரிசையில் கேலி செய்கிறார்கள், வகுப்பு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். "தூக்கம் எப்படி இருக்கு, சாப்பிடுறீங்களா, ஃபிரண்ட்ஸ் இருக்காங்களா?" என்று சேர்த்துக் கேட்டால், எளிதான கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. தூக்கம், உணவு, மருந்து, ஆபத்து ஆகியவற்றில் தெளிவு வேண்டும்போது அவையே உதவும்.

பணம், காதல், சாதி, விடுதியில் நடப்பவை ஆகியவற்றைத் தொடும் முன் அனுமதி கேளுங்கள்: "கொஞ்சம் சொந்த விஷயம் கேட்கலாமா? சொல்ல வேண்டாம்னா விட்டுரலாம்." சாதியைப் பற்றி நீங்களாக நேரே விசாரிக்கக் கூடாது. ஆனால் "ரூம்ல உங்களை மட்டும் வேற மாதிரி நடத்துறாங்களா?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வாய்ப்பிருக்க வேண்டும், சொன்னால், "அதெல்லாம் இப்ப யாரு பார்க்கிறா" என்று மறுத்துவிடக் கூடாது. ராகிங் நடப்பதாகத் தெரியவந்தால், தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்கெனத் தனிச் சட்டம் இருப்பதையும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். புகார் செய்வதா என்பதை அவரோடு சேர்ந்து யோசியுங்கள்.

படி 6: கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல்

ஆலோசனைப் பேச்சைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்கும் முறையை உளவியலாளர் ஆலன் ஐவியும் அவருடைய குழுவினரும் 1960-களில் உருவாக்கினார்கள். அவற்றில் புதியவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தத் திறன்தான். மாணவர் சொன்னதன் பொருளையும், அதன் அடியில் இருக்கும் உணர்வையும், உங்கள் வாயால் சுருக்கமாகச் சொல்லி, சரிதானா என்று அவரிடமே கேட்பது இதன் வடிவம்.

மாணவர்: "ஸ்கூல்ல நான்தான் சார் ஃபர்ஸ்ட் மார்க். ஊர்ல எல்லாரும் இன்ஜினியர்னுதான் கூப்பிடுறாங்க. இங்க வந்து மேத்ஸ்லயே போச்சு."

ஆலோசகர்: "ஊர்ல உங்களுக்கு இருக்கிற பேரு ஒண்ணு, இங்க நடக்கிறது ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு, இல்லையா?"

மாணவர்: "ஆமா சார். பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகல."

ஆலோசகர்: "போனா கேப்பாங்களேன்னு."

மாணவர்: "அசிங்கமா இருக்கு சார்."

இந்தச் சிறு உரையாடலில் ஆலோசகர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு முறை கூட "ஏன்" என்று கேட்கவில்லை. "அசிங்கமா இருக்கு" என்ற சொல் மாணவரிடமிருந்தே வந்தது. அதை ஆலோசகர் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால், அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கக்கூடும்.

திருப்பிச் சொல்வது கிளிப்பிள்ளைப் பேச்சாக ஆகிவிடக் கூடாது. அவர் சொன்ன வாக்கியத்தையே அப்படியே சொன்னால் எரிச்சல்தான் வரும். அவர் சொன்னதற்கு மிகவும் மேலே போய், "அப்படின்னா உங்களுக்கு அப்பா மேல கோபம்" என்று முடிவை அவர் மேல் சுமத்தினாலும் உரையாடல் அறுந்துவிடும். "-ன்னு தோணுது, சரியா?", "நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்ற முடிப்புகள் அவருக்கு மறுக்கும் வழியைத் திறந்து வைக்கின்றன. அவர் "அப்படி இல்ல சார்" என்று திருத்தினால் அதை வரவேற்க வேண்டும். உங்களைத் திருத்தும் அளவுக்கு அவருக்குத் துணிவு வந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

படி 7: உயிர் பற்றிய கேள்வி

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்ற அச்சம் புதியவர்களுக்கு உண்டு. அது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் தன் தற்கொலைத் தடுப்பு வெளியீடுகளில் தெளிவாகக் கூறுகிறது. நேராகக் கேட்கப்படுவது பலருக்கு ஆறுதலையே தருகிறது. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைக்க அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

கேட்கும் வாக்கியத்தில் கவனம் வேண்டும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்பது "இல்லை" என்ற பதிலைக் கெஞ்சி வாங்குவதற்குச் சமம். "இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு, வாழவே வேண்டாம்னு சில நேரம் தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?" என்று நிதானமான குரலில் கேளுங்கள். ஆம் என்றால், "செத்துப்போயிடலாம்னு நெனச்சிருக்கீங்களா?" என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். பிறகு, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றதுண்டா, இன்று இரவு என்ன நிலை, இதுவரை அவரைத் தடுத்து நிறுத்தியது எது என்பவற்றை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். அந்த வேளையில் உங்கள் முகத்தில் பதற்றம் தெரிந்தால், அவர் உங்களைக் காப்பாற்றுவதற்காக "சும்மா சொன்னேன் சார்" என்று பின்வாங்கிவிடுவார். கோழைத்தனம், பாவம், முட்டாள்தனம் என்ற சொற்களுக்கு இந்த அறையில் இடமில்லை.

திட்டமும் வழியும் இருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. படி 3-இல் சொன்னதை நினைவூட்டி, யாரை அழைக்கலாம் என்று அவரிடமே கேட்டு, அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அறையிலோ வீட்டிலோ பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவை இருந்தால் அவற்றை அகற்ற ஏற்பாடு செய்வது உயிரைக் காக்கும் செயல். இரவில் அவர் அழைக்கக்கூடிய எண்களை அவர் கைப்பேசியிலேயே பதிந்து கொடுங்கள்: ஒன்றிய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் சேவை 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. தற்கொலைத் தடுப்புக்கென 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும் தொலைபேசி வழியே செவிசாய்க்கிறது.

போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்று மாணவரும் விடுதி நிர்வாகமும் அஞ்சி மறைப்பதுண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே இடம்பெறவில்லை. இந்தச் செய்தியைத் தெளிவாகச் சொல்வதும் ஆலோசகரின் வேலைதான்.

படி 8: தகவல் தருவது

அறிவுரையைத் தள்ளிவைக்கச் சொன்னேனே தவிர, தகவலை மறைக்கச் சொல்லவில்லை. மாற்றத்துக்கான காரணங்களை எதிரில் இருப்பவர் வாயாலேயே வரவழைக்கும் பேச்சு முறையாக, உளவியலாளர்கள் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணலில் இதற்கு எளிய ஒழுங்கு ஒன்று உண்டு: முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, அனுமதி பெற்றுத் தேவையானதை மட்டும் சொல்வது, பிறகு அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பது.

"அட்டெண்டன்ஸ் விஷயத்துல உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், "இனிமே எக்ஸாம் எழுதவே முடியாது" என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது வெளிவரலாம். அண்ணா பல்கலைக்கழக விதிகளில், 65 முதல் 75 விழுக்காடு வரை வருகை உள்ளவர்களுக்கு மருத்துவக் காரணம் போன்றவற்றை முன்னிட்டு விலக்குக் கோரும் வழி இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி மாறலாம் என்பதால் அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள். அரியர் பாடங்களை அடுத்தடுத்த பருவங்களில் எழுதலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தாலும், யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்லும்போதுதான் அது மனத்தில் பதியும். "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்ற கேள்வியோடு பேச்சை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். "எம்-ஒன் (முதல் பருவக் கணிதம்) மட்டும் முதல்ல எழுதிப் பார்க்கலாம் சார்" என்று அவர் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியம், நீங்கள் போட்டுத் தரும் முழுக் கால அட்டவணையைவிட நீண்ட நாள் நிற்கும்.

படி 9: பெற்றோர் வரும்போது

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்து, கல்லூரி வாசலில் காவலாளியிடம் பதில் சொல்லிவிட்டு உள்ளே வரும் பெற்றோருக்கு முதலில் நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். "வாங்கம்மா, உட்காருங்க. இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றிங்கய்யா" என்பதிலிருந்து பேச்சு தொடங்கட்டும். மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவர்களை அழைக்கக் கூடாது, உயிராபத்து நீங்கலாக. எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதையும் முதலிலேயே அவரிடம் பேசி முடித்திருக்க வேண்டும்.

"இவனுக்காக நகையை அடகு வெச்சிருக்கோம்" என்று தந்தை சினத்தோடு தொடங்குவார். அதைத் தடுக்காமல், "இவ்வளவு செஞ்சும் இப்படி ஆகுதேன்னு உங்களுக்கு வேதனையா இருக்கு" என்று திருப்பிச் சொன்னால், சினத்தின் அடியிலிருந்த பயம் பேசத் தொடங்கும். மாணவர் பக்கத்தில் இருக்கும்போது "உங்க பையன் இப்படிச் செய்றான்" என்று அவரைப் படர்க்கையில் வைத்துப் பேச வேண்டாம். "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லத் தடுமாறும் இடத்தில் மட்டும் கை கொடுங்கள்.

படி 10: முடித்தலும் அடுத்த இடத்துக்கு அனுப்புதலும்

முடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்; மிக முக்கியமானதைக் கதவருகே நின்று சொல்பவர்கள் உண்டு. பேசியதைத் தொகுக்கும் வேலையை அவரிடமே கொடுத்து, விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேருங்கள். அடுத்த சந்திப்பின் நாளும் நேரமும் குறிக்கப்படாமல் அவர் வெளியேறக் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குலைந்திருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, உயிராபத்து தெரிந்தாலோ மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். "உங்களை டாக்டர்கிட்ட அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னால் தம்மைக் கைகழுவிவிட்டதாக அவர் எடுத்துக்கொள்வார். "தூக்கம் சரியானாத்தான் நாம பேசுறதே உங்களுக்குப் பயன்படும். அதுக்கு டாக்டர் உதவி தேவைன்னு நினைக்கிறேன். அங்க போனாலும் வியாழக்கிழமை நாம பார்க்கிறது அப்படியே இருக்கு" என்று காரணத்தையும் தொடர்ச்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் முறை உடன் செல்ல ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

பழகும் முறை

இத்திறன்கள் படித்து வருவன அல்ல. மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் மாணவராகவும் ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் கவனிப்பவராகவும் மாறி மாறி அமர்ந்து பழகுவதே நான் அறிந்தவற்றுள் சிறந்த வழி. ஒரு நாளைக்கு ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று "ஏன்" இல்லாமல் கேட்பது, நாளை அமைதியைத் தாங்குவது. கவனிப்பவர் ஆலோசகரின் வாக்கியங்களை எழுதி வைத்து, எது கேள்வி, எது திருப்பிச் சொன்னது, எது அறிவுரை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அறிவுரை எங்கெங்கே நுழைந்தது, அதற்குச் சற்று முன் மாணவர் என்ன சொன்னார் என்று பார்த்தால், எந்தப் பேச்சை நம்மால் தாங்க முடியாமல் முந்திக்கொள்கிறோம் என்பது தெரியவரும். சிலருக்கு அது அழுகை, சிலருக்குப் பணம், சிலருக்குச் சாவு. அந்த இடத்தை மட்டும் மீண்டும் நடித்துப் பழகுங்கள். உண்மையான சந்திப்புகளில் கனமானவற்றை, மாணவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, அனுபவமுள்ள மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மாதம் ஒரு முறையேனும் கொண்டுசென்று பேசுங்கள். அதற்கான நேரத்தைப் பணி நேரத்திலேயே ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள்.